வளவில் ஒட்டுமாங்கன்று நடுதல்

நல்லூர்த் திருவிழாவையொட்டி ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாடுகளிலிருந்து ஊர் வரும் பழைய மாணவர் பலர், தம் வளவிலோ கல்லூரி வளவிலோ ஒரு மாங்கன்றை நட்டுச் செல்ல விரும்புகின்றனர். விருப்பம் போற்றத்தக்கதே. ஆயினும் யாழ்ப்பாணத்தில் அது வறட்சிக் காலம். சோழகக் காற்று இலையின் ஈரத்தைக் கவர, வேரூன்றாத கன்று அதனை ஈடுசெய்ய இயலாது கருகிவிடுகிறது. நட்டவர் விமானம் ஏறிய பின்னர் நாள்தோறும் நீர் வார்ப்பவரும் அரியர். ஆதலால் அக்காலத்தில் வருவோர் கன்றை நடாது, கிடங்கை மாத்திரம் வெட்டுவித்துச் செல்லுதல் நன்றென்போம். ஐப்பசி, கார்த்திகை மழையிற் கன்றை ஒரு மாணவன் நட்டுவிடலாம்.

கிடங்கை நாம் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். செம்பாட்டு மண் ஆழமாயுள்ள இடங்களைத் தவிர்த்தால், பல வளவுகளிற் சிறிது வெட்டியதுமே அலவாங்கு கல்லில் மோதும். அங்கு நிறுத்திவிடலாகாது. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 3 அடியேனும் வேண்டும். கல்லுடைத்த கிடங்கு தொட்டிபோல் நீரைத் தேக்குமாயின் மாரியில் வேர் அழுகும். எனவே நீரை நிரப்பிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும் நீர் நின்றால், அது வடியுமட்டும் அடிக்கல்லை உடைத்தல் வேண்டும்.

உடைத்த கல்லையே திரும்பக் கிடங்கிற் கொட்டும் வழக்கத்தை நாம் ஒப்போம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எளிதிற் கிட்டாது. நரம்பு பச்சையாயிருக்கத் தளிர் மஞ்சளிக்கும். மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவும் சருகும் கலந்து நிரப்புக. உக்காத எரு வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும். ஓரிரு மழை பெய்து மண் அமர்ந்த பின்னரே கன்றை வைத்தல் முறை. அன்றேல் மண்ணோடு கன்றும் தாழ்ந்துவிடும்.

கறுத்தக்கொழும்பானோ அம்பலவியோ, எதுவாயினும் ஒட்டுக்கன்றே வேண்டும். கொட்டையில் முளைத்தது தாய்மரத்தின் சுவையைத் தருமென்பதற்கு உறுதியில்லை. உயரத்தைக் கண்டு மயங்கிக் கன்றை வாங்குவோர் பலர். நெடுங்காலம் பையிலிருந்த கன்றின் வேர் உள்ளே சுருண்டிருக்கும். பொலித்தீன் பையைக் கிழித்தகற்றி, சுருண்ட வேரைப் பிரித்து விடுதல் அவசியம். பையில் மண் எம்மட்டில் இருந்ததோ அம்மட்டிலேயே நடுக. ஆழமாய் நட்டால் உறுதியாய் நிற்குமென்பது தவறான எண்ணம். ஒட்டிய இடம் மண்ணுள் மறைந்தால் பட்டை அழுகும். கிணற்றுக்கும் சுவருக்கும் 20 அடியேனும் விலகி நடுதல் நலம்.

மாரியில் அடியைச் சற்று மேடாக வைத்திருந்து, தை பிறந்ததும் சுற்றிலும் பாத்தி கட்டுக. தண்டைத் தொடாமற் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். ஆட்டுக்குக் கிடுகு வேலியே காவல். கல்லூரி வளவிற் கன்றுகள் பெரும்பாலும் மடிவது சித்திரை விடுமுறையிலேயாம். ஆதலால் நடும்போதே, விடுமுறையில் நீர் வார்ப்பவர் இன்னாரென நிச்சயித்தல் வேண்டும். முதலிரு கோடைகளுக்கும் இது பொருந்தும்.

ஒட்டுக்கன்று இளமையிலேயே பூக்கும். பிள்ளைகள் ஒரு காயையாவது விட்டுவைக்குமாறு இரப்பர். எனினும் முதல் 3 ஆண்டுகளுக்குப் பூவைக் கிள்ளிவிடுக.