ராத்திரி 9 மணிக்கு தெர்மாகோல் தேடும் பெற்றோர்: 'புராஜெக்ட்' பிள்ளைக்கா, அப்பாவுக்கா?

"அப்பா... நாளைக்கு புராஜெக்ட் கொண்டு போகணும்!"

ராத்திரி 9 மணிக்கு பிள்ளை இப்படிச் சொன்னதும் பல வீடுகளில் அம்மா, அப்பாவுக்கு தலை சுற்றும். வேலை முடிந்து வந்த களைப்போடு சார்ட், தெர்மாகோல் தேடி கடை கடையாக அலைவார்கள். சிலர் பிரவுசிங் சென்டரில் 10 பக்கம் பிரிண்ட் போட்டு விடுவார்கள். பையன் தூங்கிப் போவான். மார்க் மட்டும் அவனுக்கு!

காசும் போச்சு, பாடமும் போச்சு.

உண்மையில் புராஜெக்ட் என்பது படம் ஒட்டுவது அல்ல. ஒரு கேள்வியை எடுத்து, பிள்ளைகளே பார்த்து, அளந்து, எழுதி, நாலு பேர் முன்னால் விளக்கிச் சொல்வதுதான்.

உதாரணத்துக்கு, வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 10 நிமிஷம் என்றால் ஒரு மணி நேரத்தில் 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். கிட்டத்தட்ட 2 குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது! பெருக்கல், தசமம், அளவை எல்லாம் இதிலேயே வந்து விடுகிறது. செலவு? ஒரு பைசா கிடையாது. தெருவில் 10 வீட்டில் கேட்டு எழுதினால் அதுவே நல்ல ஆய்வு. வாஷர் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதையும் பிள்ளையே சொல்லும்.

மனப்பாடம் செய்தது பரீட்சையோடு மறந்து போகலாம். தானே அளந்தது அவ்வளவு லேசில் மறக்காது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை கூட, தான் கண்டுபிடித்ததைச் சொல்லும்போது தைரியமாகப் பேசும். எழுத்தில் பின்தங்கிய பையன் ஸ்பேனர் பிடிப்பதில் கெட்டிக்காரனாக இருப்பான். அவன் கைக்கும் இங்கே மதிப்பு உண்டு.

இது ஒன்றும் புது சமாச்சாரம் அல்ல. கைத்தொழில் வழியாகவே பாடம் நடத்த வேண்டும் என்று காந்தி 1937-ல் வார்தா மாநாட்டில் வலியுறுத்தினார். 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டிலும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து தாய்மொழியிலேயே விளக்கியிருக்கிறார்கள்.

சிக்கலும் இருக்கிறது. குழுவில் ஒருத்தன் உழைக்க, நாலு பேர் பெயரை மட்டும் எழுதிக் கொள்வது எல்லா பள்ளியிலும் நடக்கும் கூத்து! யார் என்ன செய்தார்கள் என்று ஆசிரியர் தனித்தனியாகக் கேட்டால்தான் சரிப்படும். ஒரே ராத்திரியில் முடிக்கும் வேலையும் அல்ல, ஒரு வாரமாவது வேண்டும்.

அடுத்த முறை பிள்ளை சார்ட் கேட்டால், "எதைக் கண்டுபிடிக்கப் போறே? எப்படி அளப்பே?" என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு கடைக்குப் போகலாம்.