உபாத்தியாயரின் கட்டுரை நோட்டு

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்த ஒரு வாரத்தில், பள்ளிக்கூடம் ஒன்றில் திருத்தி அடுக்கி வைத்திருந்த கட்டுரை நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்பது தலைப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எல்லாம் இலட்சணமாகவே இருந்தன. ஆனால் ஆடிச்சுற்று சுற்றும் ஜனங்களையோ, நெற்றியிலே பூசும் புற்றுமண்ணையோ, கோமதியம்மனையோ அவற்றில் காணோம். உரைநூலில் அச்சிட்டிருந்த ஏதோ ஓர் ஊரின் திருவிழாவே நோட்டுக்கு நோட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சிறுமி மட்டும், தபசன்று வீட்டில் தரி ஓடவில்லை என்றும், அந்தச் சத்தம் இல்லாததால் இரவெல்லாம் தனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாள். சிவப்பு மை ‘தரி’யைத் ‘தறி’ என்று திருத்திவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழை திருத்தவே பழக்கப்பட்டு, தாம் ஒரு பக்கம் எழுதிச் சகாக்களிடம் வாசித்துக் காட்டும் வழக்கம் இல்லாமலே காலம் கழித்தவருக்கு, அவ்விரண்டு வாக்கியங்களின் அருமை எப்படிப் புலப்படும்?

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசான் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இந்த நூலுக்குச் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை எழுதியது, சங்கரன்கோவிலுக்குத் தெற்கே உள்ள ஊற்றுமலை ஜமீனின் மருதப்பத் தேவர் வேண்டிக்கொண்டதால்தான் என்பது இவ்வட்டாரத்தார் பெருமிதம் கொள்ளத்தக்க விஷயம். அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. அவ்வுரையைப் பிற்காலத்தில் சிவஞான முனிவர் திருத்தியும் கூட்டியும் புதுக்கினார். ‘புத்தம் புத்துரை’ என்று அதற்குப் பெயரும் வந்தது. ஓர் ஆசிரியரின் எழுத்தை இன்னோர் ஆசிரியர் கையிலெடுத்துச் செப்பம் செய்வதை அந்தப் பரம்பரை அவமதிப்பாகக் கருதவில்லை. அதுவே அவர்களுடைய வித்தியாப்பியாசமாக இருந்தது.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்னும் இலக்கியக் கூட்டமும், பள்ளிக்கூடமாக இல்லாமலே, கவிதையைச் சேர்ந்திருந்து அனுபவிக்கப் பலரைப் பழக்கியது. கடல் கடந்தும் இதே அனுபவம் உண்டு. 1974-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் ஜேம்ஸ் கிரே என்பவர், பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் ஒன்றுகூட்டி, எழுத்துப் பயிற்றுகிறவர்கள் தாமும் எழுத வேண்டும், ஆசிரியருக்குச் சிறந்த ஆசிரியர் இன்னோர் ஆசிரியரே என்ற இரண்டு கொள்கைகளின்மேல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அது பின்னர் அமெரிக்கா முழுதும் பரவியது.

நமக்குப் புதிய சங்கம் ஒன்றும் வேண்டியதில்லை. குறுவள மையக் கூட்டங்களுக்கு நம் ஆசிரியர்கள் போய்த்தான் வருகிறார்கள். மேலிடத்துச் சுற்றறிக்கைகளையும் பயிற்சிக் கட்டகங்களையும் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். பவணந்தியார் கணக்கின்படி அது முதல் கால் பங்கு மட்டுமே. அக்கூட்டத்தில் அரை மணி நேரத்தை ஒதுக்கி, பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே தலைப்பில் ஆசிரியர் ஒருவர் தாம் எழுதியதை வாசிக்க, மற்றவர்கள் பட்சபாதமின்றி அபிப்பிராயம் சொல்வார்களானால், தாம் எழுதத் திணறிய இடத்தில்தான் பிள்ளையும் திணறுகிறது என்பது அவருக்கு அப்பொழுதே விளங்கிவிடும். தறியின் சத்தம் கேட்காத ஓர் இரவைப் பற்றி ஒரு குழந்தை எழுதும்போது, அதன் ஓரத்தில் ‘நன்று, இன்னும் சொல்’ என்று எழுத அவருக்குக் கையும் வரும்.

எழுதக் கற்றுக்கொடுக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தையும் உடன் கொண்டு போங்கள்.