பேதி நின்றதும் வயிறு உப்புகிறதா? சந்தோஷப்படாதீர்கள்!

இரண்டு நாளாகப் பேதியான குழந்தைக்குத் திடீரென்று பேதி நின்று விடுகிறது. "அப்பாடா, நின்னு போச்சுங்க" என்று வீட்டில் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் வயிறு கிண்ணென்று பானை மாதிரி உப்பிக் கிடக்கிறது. பால் கொடுத்தால் வாந்தி. குழந்தை துணி மாதிரி துவண்டு கிடக்கிறது.

இது குணமான அடையாளம் அல்ல. குடல் வேலைநிறுத்தம் செய்து விட்டது!

காரணம் என்ன? பேதியோடு உப்பும் தண்ணீரும் மட்டுமா போகிறது? பொட்டாசியமும் போகிறது. நம்மூர் விவசாயிகள் தென்னைக்கும் வாழைக்கும் போடுகிறார்களே பொட்டாஷ், அந்தச் சாம்பல் சத்துதான். (அதற்காக உர மூட்டையைப் பிரித்து விடாதீர்கள்!)

எடுக்காத மோட்டார்

குடல் சுவரில் உள்ள தசை நாம் சொல்லி அசைவதில்லை. தானாகவே சுருங்கி விரிந்து சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. வெளியே ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான். இந்தக் கொஞ்சமும் குறைந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்சார வித்தியாசம் கூடிவிடும். அப்புறம் எத்தனை தடவை ஸ்டார்ட்டரைத் தட்டினாலும் மோட்டார் எடுக்காத கதைதான். தசை சுருங்காது. காற்றும் நீரும் குடலிலேயே தேங்கி வயிறு வீங்கும். டாக்டர் குழாய் வைத்துக் கேட்டால் 'களகள' சத்தம் இருக்காது.

1940-களில் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழக டாக்டர் டேனியல் டாரோ, பேதியான குழந்தைகள் பொட்டாசியத்தை இழப்பதைக் கண்டு, ஏற்றும் திரவத்தில் அதையும் சேர்த்தார்.

1971-ல் வங்க எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தே, 30 சதவீதமாக இருந்த சாவை 3.6 ஆகக் குறைத்தார். அந்தக் கலவையில் பொட்டாசியம் இல்லை. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொட்டலம் இலவசம்.

வீட்டுச் சர்க்கரை உப்புத் தண்ணீரில் அது கிடையாது. பொள்ளாச்சி இளநீரில் பொட்டாசியம் நிறைய. ஆனால் சோடியம் குறைவு. எனவே பொட்டலத்துக்குத் துணைதான், பதில் அல்ல.

பெரியவர்களுக்கும்

குழந்தைகளுக்கு மட்டும் வருவது அல்ல இது. ரத்தக் கொதிப்புக்கு 'நீர் மாத்திரை' சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் சிறுநீரில் போகலாம். இன்னொரு கூட்டம் மலச்சிக்கல் என்று பேதி மாத்திரை போடும். அளவுக்கு மீறினால் பொட்டாசியம் போகும், குடல் மந்தமாகும், மறுபடி மலச்சிக்கல், மறுபடி மாத்திரை!

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கேயும் பொட்டாசியத்தை ஊசியில் அப்படியே ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் இதயம் நின்று விடும். சலைன் பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில்தான்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர்க் கடைப் பக்கம் போக வேண்டாம். அவர்களுக்கு இதே பொட்டாசியம் உடம்பில் தங்கி ஆபத்தாகும்.