‘பெங்கால்’ என்னும் காவற்கப்பல்

கடற்போர் என்றவுடன் பேருருவம் கொண்ட போர்க்கப்பல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இரண்டாம் உலகப் போரில் உணவும் எண்ணெயும் ஊர்விட்டு ஊர் சென்றது, வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் சென்ற சிறு காவற்கப்பல்களால்தான். மும்பையிலும் கொல்கத்தாவிலும் துறைமுகத்தை அன்றாடம் காணும் நம்மவர், அவற்றுள் ஒன்றின் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

ராயல் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ‘பெங்கால்’ ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் கட்டப்பெற்று, 1942 ஆகஸ்டில் பணியேற்றது. கடற்கண்ணிகளை அகற்றுவதற்கென அமைந்த இக்கப்பலின் எடை ஏறத்தாழ 650 டன். நான்கு அங்குலப் பீரங்கி பொருத்த வேண்டிய இடத்தில், அது கிடைக்காமையால், மூன்று அங்குலப் பீரங்கி ஒன்றே பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு இருந்த குண்டுகளோ 40.

அவ்வாண்டு நவம்பர் 11-ஆம் நாள், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக, ஆஸ்திரேலியாவின் ஃபிரிமான்டிலிலிருந்து டியேகோ கார்சியாவை நோக்கி ‘பெங்கால்’ சென்றுகொண்டிருந்தது. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஜப்பானியரின் ‘ஹோகோக்கு மாரு’, ‘ஐகோக்கு மாரு’ என்னும் இரு கப்பல்கள் எதிர்ப்பட்டன. பயணிகள் கப்பல்களாகத் தொடங்கி, போருக்கென மாற்றப்பட்ட இவை ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. பல பெரும் பீரங்கிகளையும் தாங்கியது.

தளபதி வில்சன் ஒண்டினாவைத் தப்பிச் செல்லுமாறு பணித்துவிட்டு, தம் கப்பலை எதிரியை நோக்கியே திருப்பினார். ஒண்டினாவும் தன் ஒரே பீரங்கியால் சுட்டது. சிறிது நேரத்தில் ஹோகோக்கு மாருவில் குண்டு பாய்ந்து தீப்பற்றியது. அது வெடித்து மூழ்கியது. குண்டுகள் தீரும் நிலையில் ‘பெங்கால்’ புகைத்திரை பரப்பி விலகியது. ஒண்டினா அழிந்துவிட்டதென்றே அதிலிருந்தோர் எண்ணினர்.

ஒண்டினா பட்ட துன்பம் பெரிது. அதன் தலைவர் ஹார்ஸ்மன் உயிரிழந்தார். கப்பலை விட்டு உயிர்ப்படகுகளில் இறங்கியோர்மீதும் ஜப்பானியர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். எனினும் எஞ்சியோர் மீண்டும் கப்பலேறித் தீயை அணைத்து, நவம்பர் 18-இல் ஃபிரிமான்டிலை அடைந்தனர்.

ஹோகோக்கு மாருவை வீழ்த்திய குண்டு யாருடையது? இந்தியத் தரப்பில் ‘பெங்கால்’ என்பர். டச்சுத் தரப்பில் ஒண்டினா என்பர். ஒரே வேளையில் இரு கப்பல்களும் சுட்டதால் எழுந்த வழக்கு இது. நாம் இதனைத் தீர்த்துவைக்க முற்பட வேண்டியதில்லை. நம் கப்பலின் புகழுக்காக டச்சு மாலுமிகளின் பங்கைக் குறைத்துரைப்பதும் முறையாகாது. சிறிய காவற்கப்பல் பெரும் பகைவரை நோக்கித் திரும்பியது என்பதில் எத்தரப்புக்கும் ஐயமில்லை. வில்சனுக்கு வீரப் பதக்கமும் கிடைத்தது.

சுதந்திரத்திற்குப் பின்னும் இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ‘பெங்கால்’ 1960-இல் உடைக்கப்பட்டது. கப்பல் இன்று இல்லை. காவலை ஏற்றவன் தன் வலிமையை அளந்துபார்த்த பின்னரே கடமையைத் தொடங்குவதில்லை என்பதற்கு, அது விட்டுச்சென்ற சான்று மட்டும் நம்மிடம் நிலைத்திருக்கின்றது.