கொட்டாஞ்சேனையில் ஒரு பிரதி

பம்பலப்பிட்டிக் கணினிக் கடையொன்றில் நான் வாங்கிவந்த பெட்டி, பார்வைக்குத் தடித்த அகராதியொன்றைப் போலிருந்தது. திரையில்லை, விசைப்பலகையுமில்லை. உள்ளே இரண்டு வன்தட்டுகள். ரவுட்டரிலிருந்து ஒரு கம்பியை அதிற் செருகிவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அதனுள் எழுதலாம், எடுக்கலாம்.

இம்முதிய வயதில் இதனை நான் நாடியதற்குக் காரணம் தந்தையாரின் இருபத்திரண்டு கொப்பிகள். தமிழாசிரியராயிருந்த அவர் ஆயுளெல்லாம் எழுதிச் சேர்த்த பாடக்குறிப்புகள், 1983 ஆடியில் எங்கள் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோயின. அதன்பின் வாழ்ந்த பதினோராண்டும் அவர் அவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதினார். அக்கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றினேன். ஏற்றிய பின்னரே, கணினி பழுதானால் என்ன செய்வது என்ற அச்சம் பிறந்தது.

பெட்டி கேட்ட முதற்கேள்வியே என்னைத் திகைக்கவைத்தது. ஒவ்வொன்றும் 4 டெராபைற் கொண்ட இரு தட்டுகளையும் இணைத்து 8 ஆக வைப்பதா? அல்லது ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதி, 4 மட்டுமே பெறுவதா? பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் இம்முறைகளை 1988 இல் பேர்க்லி ஆய்வாளர் மூவர் வகைப்படுத்தி ‘ரெயிட்’ என்று பெயரிட்டனர். இரண்டாவது முறைக்குக் கண்ணாடிமுறை என்று பெயர். பணங் கொடுத்து வாங்கியதிற் பாதியை இழக்க மனம் ஒப்பவில்லையாயினும், ஒரு தட்டுச் செத்தாலும் மற்றது காக்குமே என்று அதனையே தெரிந்தேன். தட்டுகளில் உள்ள யாவும் அழியும் என்ற எச்சரிக்கை தோன்றியபோது, அவை வெறுந் தட்டுகள் என்று தெரிந்தும் விரல் தயங்கியது.

இரு தட்டுகளும் தம்முள் ஒத்துவர ஓரிரவு முழுதும் எடுத்தன. ரவுட்டர் அப்பெட்டிக்கு வேளைக்கொரு முகவரி வழங்கிவிடாதபடி நிலையான முகவரியொன்றைக் குறித்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கோப்புகள் கெடுமாதலின், மின்கலத்தால் தாங்கும் யூபிஎஸ் ஒன்றையும் வாங்கினேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை இருளிற் கிடந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

மறுநாள் தவறுதலாக ஏழாங் கொப்பியை அழித்துவிட்டேன். இரு தட்டுகளிலும் ஒரே கணத்தில் மறைந்தது! கண்ணாடியல்லவா, நான் செய்ததைத் தானும் செய்தது. நல்லவேளையாகக் கணினியில் அது இருந்தது. இதனை மருமகனிடம் சொல்லிச் சிரித்தேன். 1983 க்குப் பின் பிறந்தவன் அவன். விளையாட்டாகவே கேட்டான்:

“அது சரி மாமா, கணினியும் பெட்டியும் ஒரே வீட்டிலைதானே இருக்கு? வீடு எரிஞ்சால்?”

எனக்கு விடைகூற நா எழவில்லை. நாற்பதாண்டுக்கு முன்பே அறிந்ததை எப்படி மறந்தேன்?

நம் ஏடுகள் பிழைத்த கதையும் இதுதானே. 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்ற முடிந்தது, யார் யாரோ படியெடுத்து ஊரூராக வைத்திருந்த சுவடிகளால். ஓரூரில் செல்லரித்த இடம் மற்றோரூரில் எஞ்சியிருந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்தில் பிரதியுள்ளவற்றைத் திரும்பத் தேடிக்கொள்ளலாம். அங்கு மட்டுமே இருந்தவற்றை எங்கே தேடுவது? 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் படிக்க வைத்ததன் அருமை, இதனை எண்ணும்போதுதான் விளங்குகிறது.

கொட்டாஞ்சேனையில், புனித லூசியா பேராலயத்து மணியோசை கேட்குந் தூரத்தில் தங்கை வசிக்கிறாள். அவள் வீட்டுக்கென இன்னொரு பெட்டி வாங்கினோம். கொப்பிகள் முழுவதையும் இணையவழி அனுப்புவதாயின் நாட்கணக்காகும். ஆகவே முதற்பிரதியை என் வீட்டிலேயே எடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவிற் சென்றேன். குழிகள் நிறைந்த வீதி. சாரதி திரும்பித் திரும்பிப் பார்த்தார், கைக்குழந்தை என்று நினைத்தார் போலும். இப்பொழுது இரவு ஒரு மணிக்கு, அன்று மாறியவை மட்டும் அங்கே செல்கின்றன. இங்கே நான் அழித்தது அங்கும் உடனே அழிந்துவிடாதவாறு, பழைய நிலைகளை முப்பது நாள் காக்கும்படி மருமகன் அமைத்திருக்கிறான்.

சென்ற வாரம் உறக்கம் வராத தங்கை நள்ளிரவு கடந்து தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணை, பெட்டியிலை பச்சை லைற் மினுங்குது. அப்பான்ரை கொப்பி வருதோ?”

மங்கலாக விழுந்திருந்த ஒன்பதாங் கொப்பியை அன்று பகல் மறுபடி படம்பிடித்திருந்தேன். அதுதான் போய்க்கொண்டிருக்கிறது என்றேன்.