தீபாவளி இனிப்பும் பருப்பு ஒவ்வாத குழந்தையும்

வடநாட்டில் தீபாவளி என்றால் வீட்டுக்கு வீடு இனிப்புப் பெட்டி நடமாடும். பெட்டியைத் திறந்தால் காஜு கத்லி, பாதாம் பர்ஃபி, பிஸ்தா தூவிய சோன் பப்டி. நமக்கெல்லாம் நாவில் நீர் ஊறும். ஆனால் வேர்க்கடலையோ முந்திரியோ ஒவ்வாத குழந்தை உள்ள வீட்டில், அந்தப் பெட்டியைக் கண்டதுமே தாய்க்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பேரன் இருக்கிறான். ஆகவே சில ஆண்டுகளாக ஊன்றிக் கவனித்து அறிந்துகொண்டவற்றை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

ஒவ்வாமை என்பது என்ன?

இது அஜீரணமோ பித்தமோ அல்ல. பருப்பில் உள்ள புரதத்தை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. சிலருக்கு ஒரு துணுக்கே போதும். வறுத்தாலும் பொரித்தாலும் அந்தத் தன்மை போய்விடாது. வேர்க்கடலையை வறுத்தால் அது கூடவும் செய்யும்.

வேர்க்கடலை, உளுந்து துவரையைப் போல் பயறு இனம். முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரோட் ஆகியவை மரத்தில் காய்ப்பவை. ஒன்று ஆகாதவருக்கு எல்லாமே ஆகாது என்று கட்டாயமில்லை. ஆனால் முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் பெரும்பாலும் ஆகாது. தேங்காய் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். எள் தனி, சிலருக்கு அதுவும் ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்று மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் கொடுத்துப் பார்க்கும் வேலை கூடவே கூடாது.

ஊருக்கு ஒரு பெயர்

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு சிக்கல். இந்தியில் வேர்க்கடலை மூங்ஃபலி, மராத்தியில் ஷேங்தாணே, குஜராத்தியில் சிங். கல்கத்தாவில் 'பாதாம்' என்று பொதுவாகச் சொன்னால் பல சமயம் அது வேர்க்கடலைதான். சீனாபாதாம் என்றும் சொல்வார்கள். வடக்கே 'மேவா', 'டிரை ஃப்ரூட்' என்றால் திராட்சை மட்டுமல்ல, முந்திரி, பாதாம் எல்லாம் அடக்கம். ஆகவே கடையில் "மேவா இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், காஜு, பாதாம், பிஸ்தா, அக்ரோட், மூங்ஃபலி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நம் பக்கம் இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து முந்திரிக்கொத்தில் பெயரில்தான் முந்திரி. உள்ளே இருப்பது பாசிப்பயறும் வெல்லமும். எள் சேர்ப்பதுண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடை இனிப்பில் கவனம்

பருப்பே சேராத இனிப்பு என்றாலும் கடையில் வாங்கியது நிச்சயமில்லை. காஜு கத்லியை வெட்டிய கத்தியே மைசூர்பாகையும் வெட்டும். முந்திரி வறுத்த நெய்யிலேயே அடுத்த பலகாரமும் இறங்கும். கடலை பொரித்த எண்ணெயில்தான் காராசேவும் வேகும். பல வகை அடுக்கிய பெட்டியில் ஒன்றின் தூள் மற்றொன்றில் ஒட்டும்; பருப்பு இனிப்பை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது சரியாகாது.

பெட்டியில் அடைத்து விற்கும் பண்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, சோயா போன்றவை சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும். 'மே கன்டெய்ன்' என்றிருந்தால் கலந்திருக்கக்கூடும் என்று பொருள்; அதையும் ஒதுக்கிவிடுங்கள். சாக்லேட்டில் இதை அடிக்கடி காணலாம். செய்முறை மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும்.

ரயில்வேயில் கைகாட்டியின் கம்பி அறுந்தால் அது தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். இங்கும் அதே விதிதான். லேபிள் இல்லையா, கடைக்காரர் தயங்குகிறாரா, சிவப்பு விளக்கு என்று கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யலாம்

நம் பழைய பலகாரங்களில் பலவற்றுக்குப் பருப்பே வேண்டாம். அதிரசம் பச்சரிசி மாவும் வெல்லமும், மைசூர்பாகு கடலைமாவு, சர்க்கரை, நெய், ஜாங்கிரி உளுந்து. தேங்காய் பர்ஃபி, பயத்தம் உருண்டை, ரவா லாடு, முறுக்கு, ரிப்பன் பக்கோடா என்று பட்சணத் தட்டு நிறைந்துவிடும். ரவா லாடுவில் முந்திரிக்குப் பதில் உலர்ந்த திராட்சை போதும். அந்த ஆண்டு வீட்டில் முந்திரியே வாங்காமல் இருப்பது உத்தமம். முடியாவிட்டால், குழந்தைக்குரியதை முதலில், கழுவிய பாத்திரத்தில், புது எண்ணெயில் செய்து மூடி வைத்துவிடுங்கள். மிக்ஸி ஜாரை மறக்க வேண்டாம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், அதைத் தவிர்க்கவும்.

தீபாவளியோடு இது முடிவதில்லை. லோஹ்ரிக்கு வேர்க்கடலையும் கஜக்கும், ஹோலிக்கு குஜியாவும் தண்டாயும், கிறிஸ்துமஸுக்கு முந்திரி போட்ட பிளம் கேக்கும் வரும். மார்ஸிபான் என்னும் மிட்டாய் பாதாமிலோ முந்திரியிலோ செய்வது.

ஆபத்து நேர்ந்தால்

தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி தோன்றலாம். மூச்சிரைப்பு, குரல் கம்முதல், மயக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை தடிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். 112-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சற்றுத் தெளிந்தபின் மீண்டும் தாக்கக்கூடும். மருத்துவர் சொல்லும் நேரம்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

"நாங்கள் தின்னாததா? ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று நம் வயதினர்தான் அதிகம் சொல்கிறோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் பெற்றோர் வேண்டாம் என்றால் அது உபசாரத்தை மறுப்பதாகாது. சங்க விழாவில் பிரசாதம், பட்சணம் வழங்குபவர்கள் என்னென்ன சேர்த்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்தால் பேருதவியாக இருக்கும். எல்லாக் குழந்தைகளும் தின்னக்கூடிய ஒரு பலகாரமாவது இருக்கட்டும். ஊரே தின்னும்போது ஒரு குழந்தை மட்டும் வெறுங்கையோடு நிற்பது பண்டிகைக்கு அழகல்ல.