ஆலோசனையைச் சீர்தூக்கும் உரிமை

எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது, அரியர் தாள்களை எப்போது எழுதுவது, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுகளில் இன்னும் எத்தனை குறைகின்றன என்பவற்றை எடுத்துரைத்து வழிகாட்டுவதற்கென்றே நம் கல்லூரிகளில் டியூட்டர் என்றும் மென்டர் என்றும் ஆசிரியர்கள் நியமிக்கப்படுகிறார்கள். விருப்பப் பாட முறை பரவிவிட்ட இக்காலத்தில், இரண்டாம் ஆண்டில் பிசகிய ஒரு தேர்வின் பலன் இறுதியாண்டில்தான் பிரத்தியட்சமாகிறது. அதற்குள் கிடைத்த வேலையும் மேற்படிப்பு அனுமதியும் கைநழுவிப் போகக்கூடும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள எவருமில்லாத முதல் தலைமுறை மாணாக்கரையே இந்நஷ்டம் அதிகமாய்த் தாக்குகிறது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு, ஒரு மென்டருக்கு எத்தனை மாணாக்கர் என்ற விகிதத்தைக் கணக்கிலெடுத்து வந்திருக்கிறது. ஆனால் அவ்விருவரும் பருவத்தில் ஒரு தடவையேனும் அமர்ந்து பேசினார்களா என்பதை அவ்விகிதம் அறிவிக்காது. அதை அறிந்தவர் மாணாக்கரே. ஆகவே அவர் சில விஷயங்களைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பாடப் பதிவுக்கு முன்னரே ஆசிரியர் சந்தித்தாரா? மாணாக்கர் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறையை ஆதாரமாகக் காட்டினாரா? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 விதிமுறை வேறு, 2021 விதிமுறை வேறாதலால், சீனியரின் அனுபவம் ஜூனியருக்குப் பிரமாணமாகாது. சொன்னதை எழுத்தில் பதிந்தாரா? நம்பிக் கூறிய அந்தரங்கத்தைக் காத்தாரா?

இவற்றில் குறை காணின், முதலில் துறைத்தலைவருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதன் நகலை வைத்துக்கொள்வது விவேகம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 குறைதீர்ப்பு விதிகள், வாக்குறுதியளிக்கப்பட்ட வசதியை வழங்காமையையும் குறையாகவே ஏற்கின்றன. எனவே கையேட்டில் வழிகாட்டுதலை உறுதியளித்துவிட்டு நிறைவேற்றாத நிர்வாகத்தின்மீது மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் முறையிட இடமுண்டு. அக்குழு இயன்றவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிடில், அது கிடைத்த 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்த்துவைக்க முயல வேண்டும்.

ஆசிரியரைக் கேள்வி கேட்பது அபசாரம் என்றெண்ணி மௌனம் சாதிக்க வேண்டியதில்லை. விநயத்தோடும் ஆதாரத்தோடும் தக்க தருணத்தில் எழுதப்படும் ஒரு விண்ணப்பம், எழுதியவரைக் காப்பதோடு, பின்னால் வரும் மாணாக்கருக்கும் அந்த ஆலோசனையைச் செம்மைப்படுத்தித் தரும்.